மறுமுனை பிடித்தவன்

ஊசிப்பாறைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேல்பிரிவில் மூங்கிலை வளைக்கத் தெரிந்தவன் மூக்கன் ஒருவன்தான். அவன் வளைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் கந்தப்பன். மூக்கனைப் பற்றித் தோட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள். மறுமுனை பிடிக்கிறவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கந்தப்பனே ரொம்பக் காலம் நினைத்திருந்தான்.

பச்சை மூங்கிலை நீளவாக்கில் பிளாச்சுகளாகப் பிளப்பார்கள். கணுக்களைக் கவ்வாத்துக் கத்தியால் சீவி, ஈரச் சாக்கால் துடைத்துத் துடைத்து நெருப்பில் வாட்டுவார்கள். தேயிலைச் செடியைக் கழிக்கிற அதே கத்திதான். பிறகு மூக்கன் பிளாச்சை முழங்காலில் கொடுத்து மெல்ல அமுக்குவான். எதிரே இருப்பவன் அந்த அமுக்கத்துக்குத் தகுந்தாற்போல் விட்டுக்கொடுத்தும் இழுத்தும் வர வேண்டும். அவசரப்பட்டால் பிளாச்சு நடுவில் நார் நாராகப் பிய்ந்துவிடும். அசந்தால் வளைவு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். கந்தப்பன் மூக்கனின் முகத்தைப் பார்ப்பதில்லை. மூங்கில் வழியாகவே அவன் கைக்கு எல்லாம் வந்துசேரும்: மச்சான் கோபமாக இருக்கிறானா, பசியோடு இருக்கிறானா, ராத்திரி தூங்கினானா என்பதெல்லாம்.

வளைத்து முடித்த பிறகு அதற்குப் பெயர் ஒன்றல்ல. அம்மனுக்குப் பின்னால் நின்றால் திருவாசி. ஒருவன் தோளில் ஏறினால் காவடி. கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடினால் பஞ்சாரம். மாட்டுவண்டிக்கு மேலே கூண்டு. கல்யாண வீட்டு வாசலில் நிற்பதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அலங்கார வளைவு என்பார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஆர்ச்சு என்பார். கொழுந்து லாரி ஓட்டுகிற சிங்களவர் அதையே தொரண என்பார்.

"ஒரே மூங்கிலு. இத்தன பேரு எதுக்கு மச்சான்?" என்று கந்தப்பன் ஒரு நாள் கேட்டான்.

"அடியில என்ன போகுதோ, அதுக்குத் தகுந்த பேரு."

"என்மேல வச்சா என்ன பேரு?"

"பஞ்சாரந்தான் மாப்ள. பொண்டாட்டிக்குப் பயந்த சேவலுக்கு வேற என்ன?"

லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்து கந்தப்பனின் மனைவி ராசம்மா, "அப்ப அதுக்குக் கதவு வேணாம்ண்ணே, அது வெளிய போகாது" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால், ஆள் வந்து வாசல் வடிகாலான கானுக்கு அந்தப் பக்கமே நிற்பான். தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மூங்கி வெட்டணும்" என்பான். அவ்வளவுதான். மூக்கன் கூரைச் சரிவில் தனியாகச் செருகியிருக்கும் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு இறங்குவான். பாடைக்கு மேலே வளைவு கட்டி, பூவும் பச்சையும் சுற்றி, பல்லக்கு மாதிரி அனுப்பிவைப்பான். இந்தியாவில் சாமி வேலையையும் சாவு வேலையையும் ஒரே கை செய்ய விடமாட்டார்களாம். தோட்டத்தில் வேறு ஆள் கிடையாது. அதனால் கத்தி மட்டும் இரண்டு என்று கோயில் கமிட்டி ஒத்துக்கொண்டது. ஆனால் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த இரண்டாவது கத்தியை மூக்கன் தொடக்கூடாது. இழவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது. தோட்டத்து எல்லையையும் தாண்டக்கூடாது.

நாற்பத்தெட்டில் இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்தபோது, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை வாசலில் பெரிய வளைவு கட்டச் சொல்லித் துரையிடமிருந்து உத்தரவு வந்தது. மூக்கனும் கந்தப்பனும் இரண்டு நாள் கட்டினார்கள். பன்னச் செடியும் தேயிலைக் கிளையும் சுற்றி, உச்சியில் கொடியை ஏற்றினார்கள். துரையின் கார் அடியில் போயிற்று. உத்தியோகத்தர்கள் போனார்கள். மற்றவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கட்டினவர்கள் இரண்டு பேரும் அதன் அடியில் நடக்கவேயில்லை. நடக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவும் இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றது. அந்த மூங்கில் அப்போதும் ஸ்டோர் மூலையில் காய்ந்து கிடந்தது. ராசம்மா அதைத்தான் அடுப்புக்குத் தூக்கி வந்தாள்.

மூக்கன் கட்டியிருந்தது கந்தப்பனின் அக்கா வேலாயியை. இரண்டாவது பிரசவத்தில் அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. அவளுக்கான மூங்கிலை மூக்கனே வளைத்தான். இழவுக்காரன் செய்யக்கூடாது என்றார்கள். "அவ மேல வேற எவன் கோணலாக் கட்டறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். மிஞ்சியது மூத்தவள் அழகம்மா. தாய்மாமன் என்ற முறையில் கந்தப்பன்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். காது குத்தும்போது அவள் உட்கார்ந்தது அவன் மடியில். வயசுக்கு வந்தபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியது அவன். கந்தப்பனுக்கும் ராசம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அழகம்மா இரண்டு காம்பராவிலும் சாப்பிட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனியில் லயத்தில் டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் புகுந்தது. கீழ்வரிசையில் ஒரு குழந்தை போயிற்று. மேல்வரிசையில் இரண்டு பேர் படுத்தார்கள். அம்மனுக்கு, தண்டு கட்டித் தோளில் தூக்குகிற மூங்கில் தேர் சுற்றி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் துரை லீவு தரவில்லை. அடுத்த வருஷம் மண் சரிந்து தேர்ப்பாதை போய்விட்டது. அதனால்தான் காய்ச்சல் என்று லயம் முழுக்க ஒரே பேச்சு. கோயில் தலைவர் செல்லசாமி கங்காணி நாள் பார்த்தார். காப்புக் கட்டினார்கள். தேர் கட்டுகிறவன் என்று மூக்கனுக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

கட்டிய மூன்றாம் நாள் அழகம்மா கொழுந்து பறிக்கும் மலையிலேயே சுருண்டு விழுந்தாள். டிஸ்பென்சர் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். லாரி தோட்டத்துப் பாலத்தைத் தாண்டிப் போனது. மூக்கன் பாலம் வரை கூடவே ஓடினான். எல்லை அதுதான். அங்கே நின்றுவிட்டான்.

"நீ போ மாப்ள. நான் தேரக் கட்டுறேன். ஆத்தாவுக்கு ஒழுங்காக் கட்டுனா எம் புள்ளய விட்ருவா" என்றான். இதைச் சொல்லும்போது அவனுடைய வலது கை இடது மணிக்கட்டில் இருந்த கயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அறுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். அறுத்திருந்தால், பிள்ளைக்கு ஒன்று ஆகியிருந்தால், அதை அறுத்ததால்தான் என்று அவன் சாகும்வரை நினைத்திருப்பான். அறுக்காமலும் அதே நினைப்புத்தான் கிடைத்தது.

கந்தப்பன் வேலை சீக்கிரம் முடிந்த நாட்களில் எல்லாம் தலவாக்கலைக்கு நடந்து, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். தொத்துநோய் வார்டுக்குள் விடமாட்டார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே நிற்க வேண்டும். தேருக்கு முதல் நாள் சாயங்காலம் போனபோது அழகம்மாவின் உதடு வெடித்துக் கருத்திருந்தது. ஆனால் பேசினாள்.

"மாமா, தேரு முடிஞ்சிருச்சா?"

"திருவாசி மட்டும் பாக்கி. நாளைக்குக் காலையில வளைச்சு ஏத்தணும்."

"நீதான புடிக்கிற? அப்பக் கோணலாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும். நீ வந்து நிமுத்து."

"அப்பா வரலியா?"

"காப்புக் கட்டியிருக்காருல்ல ஆயி. அவுத்ததும் வந்துருவாரு."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அப்பா வரலியா?" என்று கேட்டாள். கந்தப்பன் மறுபடியும் அதையே சொன்னான். அவளுடைய கண் அவனைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் அன்று அவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்கை விரித்துப் படுத்தான்.

விடிந்தபோது அட்டெண்டர் வந்து எழுப்பினான். பிள்ளை போய்விட்டது என்றான். கந்தப்பன் எழுந்து துண்டை உதறி மடித்தான். எதற்கு மடித்தோம் என்று தெரியவில்லை.

"சொந்தக்காரர் யார்? நீங்களா?" என்று அட்டெண்டர் கேட்டான்.

"நான் மாமங்க. அப்பன் தோட்டத்துல இருக்காரு. கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

"சீக்கிரம் வாங்க" என்றான் அட்டெண்டர். கந்தப்பன் முதல் பஸ்ஸுக்கு ஓடினான்.

தோட்டத்துப் பாலத்தைத் தாண்டினால் இடது கைப் பக்கம் லயம், வலது கைப் பக்கம் கோயில். லயத்து முற்றத்தில் மூக்கன் நெருப்பு மூட்டிக்கொண்டிருப்பது புகையில் தெரிந்தது. கந்தப்பனின் கால் வலது பக்கம் திரும்பியது. ஒரு சாவைக் கோயில் தலைவரிடம் முதலில் சொல்ல வேண்டும், காப்புக் கட்டிய நாளில் அதுதான் முறை. முறைக்காகத்தான் போனானா, மூக்கனின் முகத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடப் போனானா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

செல்லசாமி கங்காணி கோயில் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டு நின்றார். கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். அழகம்மாவுக்குப் பெயர் வைத்தவரே அவர்.

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"மூக்கன்ட்ட?"

"நேரா இங்கதாங்க வாறேன்."

கங்காணி லயத்தைப் பார்த்தார். பெண்கள் வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தார்கள். தேர் வருகிற வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் வைத்திருந்தார்கள்.

"இப்பச் சொன்னா அவங் காப்ப அவுக்கணும். கோயில் கதவச் சாத்தணும். திருவாசி இல்லாத தேரு, அதையும் வளைக்க ஆளில்லாம அப்பிடியே நிக்கும். மேல்வரிசையில ரெண்டு புள்ளைங்க கெடக்கு கந்தப்பா. நேத்து ராவு பொன்னையா மகனுக்கும் காயுது. ஆத்தா சுத்தி வரட்டும்னு அம்புட்டுப் பேரும் வழி பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அதுக்குங்க…"

"புள்ள போயிருச்சு. இனிமே அதுக்கு அவசரம் இல்ல. இதுகளுக்கு இருக்கு." பிறகு குரலைத் தணித்தார். "சாயங்காலம் தேரு நெலைக்கு வந்ததும் நானே சொல்றேன். ஸ்டோர் லாரிய நானே கேட்டு வாங்கித் தாறேன். நல்லபடியாத் தூக்கிட்டு வந்து செய்வோம்."

"எனக்குத் தீட்டுங்களே. தெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க ஆத்தா மூங்கியத் தொடறது?"

"நீ தாய் வழி. ஒனக்கு அம்புட்டு இல்ல. போயிப் பீலியில தலை முழுகிட்டுப் போ."

கந்தப்பன் மலையூற்று கொட்டுகிற பீலியில் தலை முழுகினான். தண்ணீர் பனியாக விழுந்தது. சாவுக்கு முழுகுகிறோமா சாமிக்கு முழுகுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஈரத்தோடு முற்றத்துக்கு வந்தான். வாசலில் நின்ற ராசம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். காம்பராவுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா மாப்ள? ஆளக் காணோம்னு பாத்தேன். புள்ள எப்படி இருக்கு?"

"தூங்குது மச்சான்."

"காய்ச்ச?"

"எறங்கிருச்சு."

மூக்கன் கண்ணை மூடிக் கோயில் பக்கம் கும்பிட்டான். பிறகு பிளாச்சை நெருப்பில் காட்டினான். "பாத்தியா, தேரு முடியிறதுக்குள்ளயே எறக்கிட்டா. புடி" என்று மறுமுனையை நீட்டினான்.

கந்தப்பன் பிடித்தான். கைக்கு வந்தது மச்சானின் சந்தோஷம். ஒரு மாசமாக அந்த மூங்கிலில் இல்லாத சந்தோஷம். முழங்கால் அமுக்கம் நிதானமாக, விளையாட்டுப்போல வந்தது. அந்தப் பக்கத்துச் சேதி இந்தக் கைக்கு வருகிறதென்றால் இந்தக் கையின் சேதி அந்தப் பக்கம் போகாதா? இப்போது தெரிந்துவிடும், இந்தக் கணுவைத் தாண்டும்போது தெரிந்துவிடும் என்று காத்திருந்தான். தெரிந்தால் நல்லது என்றும் இருந்தது.

"என்னா மாப்ள, கை நடுங்குது?"

"தலை முழுகுனேன். குளுரு."

"ராசம்மா, மாப்ளக்கித் தேத்தண்ணி குடு. நெஞ்சு கட்டிறப் போகுது" என்று மூக்கன் கத்தினான். ஒருக்களித்த கதவு திறக்கவில்லை. "அவளுக்குச் சாமி வந்துருச்சு போல" என்று சிரித்தான்.

அன்றைக்கு வளைந்தது போல ஒரு திருவாசி அந்தக் கோயிலில் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகவில்லை. தப்பு முழங்கத் தேர் கிளம்பியது. மூக்கன் முன்தண்டில் தோள் கொடுத்தான். கந்தப்பன் பின்தண்டில். ஒவ்வொரு லயமாக நின்று, ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீர் வாங்கி, காய்ச்சல் கிடந்த காம்பராக்களின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்று தேர் சுற்றியது. பொன்னையாவின் மகனைப் போர்வையோடு தூக்கிவந்து தேருக்கு அடியில் மூன்று தரம் நுழைத்தெடுத்தார்கள். வெயில் மலைக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வாசலிலும் கந்தப்பன் கங்காணியைப் பார்த்தான். கங்காணி வேறு பக்கம் பார்த்தார்.

தேர் நிலைக்கு வந்தபோது நிழல் நீண்டுவிட்டது. கங்காணி மூக்கனின் தோளைத் தொட்டு ஒதுக்கிக் கூட்டிப் போனார். வழியெல்லாம் வார்த்தை தேடியிருக்க வேண்டும். கடைசியில் அவர் சொன்னது, "மூக்கா, அந்தக் காப்ப அவுத்துரு."

மஞ்சள் நீராட்டுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அதற்கு முன்னால் ஒருவன் காப்பை அவிழ்க்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. மூக்கன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு பின்னாலேயே வந்திருந்த கந்தப்பனைப் பார்த்தான்.

"எப்ப?"

"விடியக்காலமே" என்றான் கந்தப்பன்.

லாரி கிடைத்தது, அதில் கங்காணி வாக்குத் தவறவில்லை. மூக்கன் தோளில் தேர்த்தண்டின் தழும்போடு, மேலெல்லாம் மஞ்சளோடு ஏறி உட்கார்ந்தான். கயிறு இன்னும் கையில்தான் இருந்தது. மஞ்சளில் ஊறி இறுகிய முடிச்சு அவிழவில்லை. லாரி லிந்துலை போய்த் தலவாக்கலை வந்தது. வழியில் ஒரு முறை மட்டும் மூக்கன், "போர்வ எடுத்து வந்தியா?" என்று கேட்டான். எடுத்து வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் மாறியிருந்தான். தொத்து வார்டில் இறந்தவர்களை அன்றைக்கே புதைத்துவிடுவது அங்கே வழக்கம். சொந்தக்காரர் வந்து கேட்டால் மூடிய பெட்டியில் கொடுப்பார்கள். அப்பன் வருகிறான் என்று மத்தியானம் தாண்டியும் பார்த்தார்களாம். பிறகு எடுத்துவிட்டார்கள். அதை அவன் கடுமையாகச் சொல்லவில்லை. இரண்டு தரம் சொன்னான், புரியவில்லையோ என்று.

கட்டிடத்துக்குப் பின்னால் டர்பன்டைன் மரங்களின் அடியில் ஒரு சரிவு. காவல்காரச் சிங்களக் கிழவர் முன்னால் நடந்தார். "கவுருத் ஆவே நே" என்றார். யாரும் வரவில்லை என்று அதையே தமிழிலும் சொன்னார். புது மண் இரண்டு இடத்தில் குவிந்திருந்தது. இது என்று ஒன்றைக் காட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார். அடுத்ததைக் காட்டி, இதுவாகவும் இருக்கலாம், இரண்டும் இன்றைக்குத்தான் என்றார்.

மூக்கன் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தான். ஒரு கையை இந்தப் பக்கத்து மண்ணிலும் ஒரு கையை அந்தப் பக்கத்து மண்ணிலும் வைத்தான். இருட்டிக்கொண்டு வந்தது. லாரிக்காரர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

ஊசிப்பாறையில் அந்த முறை காய்ச்சல் அதோடு நின்றது. பொன்னையாவின் மகன் எழுந்து நடந்தான். தேர் சுற்றியதால் நின்றதா, அதே வாரம் டிஸ்பென்சர் பீலித் தண்ணீரில் மருந்து போட்டதால் நின்றதா? தேர்தான் நிறுத்தியது என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கந்தப்பனுக்கு மட்டும் இருந்தது. தேரால்தான் என்று வைத்துக்கொண்டால் மனசு கொஞ்சம் லேசாகும். அப்படி வைத்துக்கொள்ளப் பார்த்தான். பொன்னையாவின் மகன் பீலிக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பான். பையன் பயந்து வேறு வழியாகப் போக ஆரம்பித்தான்.

மூக்கன் சண்டை போடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அடித்திருந்தால் ராசம்மாவாவது அழுதிருப்பாள். மாப்ள என்பது மட்டும் நின்றுபோனது. கந்தப்பா, தண்ணி வருதா. கந்தப்பா, பெரட்டுத் தப்பு அடிச்சாச்சு, வேலைக்குக் கெளம்பு. அவ்வளவுதான். திருவிழாவுக்கு யாராவது கூப்பிட்டால் முழங்காலைத் தடவிக் காட்டுவான், வலிக்கிறதென்பான். அடுத்த வருஷம் லிந்துலையிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்து தேர் கட்டினார்கள். ஆனால் கானுக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றால், மூக்கன் முழங்கால் வலியைப் பேசவில்லை. எழுந்து போனான். கந்தப்பனைக் கூப்பிடவில்லை. வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டைப் பிளவில் பிளாச்சின் மறுமுனையைச் செருகிவிட்டுத் தனியாக வளைத்தான். கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்துவிட்டது.

கந்தப்பன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்காலைக் கட்டிக்கொள்வான். சொல்லியிருக்க வேண்டும், அந்த நெருப்பின் முன்னால் உட்கார்ந்தபோதே சொல்லியிருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். 'தூங்குது' என்பதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம் என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தான். கங்காணி வேலையிலிருந்து நின்று, பக்கவாதத்தில் கிடந்து செத்தார். அவருக்கும் மூக்கன்தான் போய் வளைத்தான். அதில் ஒரு குறை வைக்கவில்லை.

அறுபத்தைந்தில் ராசம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுச் சனங்களைப் பிரித்துக்கொண்டதில், யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று லயமெல்லாம் பேசிக்கொண்டிருந்த மாரிக்காலம். "நான் ரெண்டுக்கும் இல்ல" என்று ராசம்மா சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். ஒரு காலையில் இருமல் நின்றது.

கந்தப்பன் கானைத் தாண்டிப் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. மூக்கனே கத்தியோடு வந்தான். முற்றத்தில் நெருப்பு மூட்டினான். மழையில் ஊறிய மூங்கில். அவனுக்கும் வயசாகியிருந்தது. அடிக்கட்டைப் பிளவு மக்கிப்போய், முனை செருகச் செருக நழுவியது. மூன்றாவது தரம் நழுவி அவன் தாடையில் அடித்தது. கந்தப்பன் பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"இழவுக்காரன் தொடக்கூடாதுப்பா" என்றார் பொன்னையா.

"விடுங்க" என்றான் மூக்கன்.

முழங்கால் அமுக்கம் வந்தது. கந்தப்பன் விட்டுக்கொடுத்தான், இழுத்தான். கை மறக்கவில்லை. ஆனால் மூங்கில் வழியாக எதுவும் வரவில்லை. கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அதுதான் அவனைப் பேசவைத்தது.

"மச்சான், நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். இங்கன ஒக்காந்து பொய் சொன்னேன்."

மூக்கன் பிளாச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதயா நெனச்சுக்கிட்டு இருக்க?"

"வேற என்ன?"

"சொல்லாதது போகட்டும். கங்காணி சொல்லவேணாம்னாரு, நீ சொல்லல. நானும் கயித்தக் கட்டிக்கிட்டு எல்லையில நின்னவன்தான். ஒன்ன என்னா கேக்கறது?" ஒரு கணுவைத் தாண்டும்வரை நிறுத்தினான். "நீ அங்கன நின்னிருக்கலாம்ல? ஒனக்குக் காப்பு இல்ல. நீ தாய்மாமன். சேதிய எவங்கிட்டயாச்சும் சொல்லி அனுப்பிட்டுப் புள்ளகிட்ட நின்னிருக்கலாம். குழிக்குள்ள எறக்கறப்ப நம்ம ஆளுன்னு ஒருத்தன் இல்ல. எந்தக் குழின்னு காட்டவும் ஒருத்தன் இல்ல. எதுக்கு ஓடியாந்த?"

கந்தப்பன் யோசித்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவன் கேட்டுக்கொண்டதே இல்லை. அப்பனைக் கூட்டிவரத்தான் ஓடினான், அட்டெண்டரிடம் அப்படித்தான் சொன்னான். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவன் நினைத்தது அது இல்லை. நேரமாகிறதே, திருவாசி வளைக்க வேண்டுமே, ஆள் இல்லாமல் மச்சான் உட்கார்ந்திருப்பானே என்று நினைத்துக்கொண்டு வந்தான்.

"மறுமுனை புடிக்க ஆள் இல்லையேன்னு" என்றான்.

மூக்கன் தலையசைத்தான், வேறு பதிலை எதிர்பார்க்காதவன் மாதிரி. கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினான். பிறகு முழங்காலை எடுத்தான். மூங்கில் வளைந்தபடியே நின்றது.

"விடு" என்றான்.

கந்தப்பன் கையை எடுத்தான்.